ரைட்டு டெல்லிக்குப் போனார்

எம்.பி.யைப் பார்த்துப் பயப்படாத மனிதர்கள் நம் நாட்டில் பலர் இருக்கலாம். தன்னைப் பார்த்ததும் ஒரு எம்.பி.யே கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு வழியாக, சாம்பார் அண்டாவைத் தாண்டி ஓடும்படி செய்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் ரைட்டு.

பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை அது. போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். விசில் ஊதமாட்டார். "ரை...ட்டு!" என்று ஒரு குரல் கொடுப்பார். பஸ் மட்டுமல்ல, ரோட்டோரம் படுத்திருக்கிற நாய், பக்கத்துக் கடையில் டீ குடிப்பவர், மலையடிவாரத்தில் மேய்கிற ஆடு, எல்லாமே ஒரு அடி முன்னால் நகரும். ஆள் என்னவோ ஒல்லி. அந்தக் குரலை அந்த உடம்பு எங்கே வைத்திருந்தது என்பது யாருக்கும் புரியாத விஷயம்.

நான் அப்போது போளூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எண்பதுகளின் தொடக்கம். மலைக்கிராமத்தில் இருந்த ஒரு தோழியைப் பார்க்க மாதம் ஒருமுறை அந்த பஸ்ஸில் போவேன். ரைட்டுவிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. படியில் நிற்கக் கூடாது. உள்ளே இடமில்லை என்றால் அடுத்த பஸ். அடுத்த பஸ் நாளைக்குத்தான் என்றால் நாளைக்கு. ஒருமுறை பஸ் முதலாளியின் மச்சானே படியில் தொங்கினார்.

"யோவ், நான் யாரு தெரியுமா?"

"தெரியும்ங்க. நீங்க கீழ வுழுந்தா உங்க அக்கா அழுவாங்க. உள்ள ஏறுங்க, இல்ல எறங்குங்க."

மச்சான் இறங்கினார். மலைப்பாதையின் முதல் வளைவிலிருந்து ஊருக்கு நடந்தே போனார்.

இப்படிப்பட்டவரை மக்கள் உரிமை, சட்டம், பாராளுமன்றம் என்று இழுத்து வந்தது சிரிப்பான கதை இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மலையில் சடையன் என்று ஒருவர். சாமை விதைக்கிற விவசாயி. ஏர் உடைந்துவிட்டது என்று காட்டில் ஒரு மரம் வெட்டினார். சந்தன மரம் வெட்டினார் என்று சொல்லி இரண்டு வனக்காவலர்கள் அவரைப் பிடித்தார்கள். அவருடைய துண்டாலேயே கையைக் கட்டி, ரைட்டுவின் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"டிக்கெட்டு."

"பாரஸ்ட்டுய்யா நாங்க."

"பாரஸ்ட்டுன்னா? பஸ்ஸு எலைதழயிலயா ஓடுது? டீசல்ல ஓடுது. எடுங்க டிக்கெட்டு."

"சரி, எங்க ரெண்டு பேருக்கும் குடு. இவன் அக்யூஸ்ட்டு. இவனுக்கெல்லாம் எடுக்க முடியாது."

"இவரு இன்னா கைக்கொழந்தையா, மடியில வச்சிக்கினு போறதுக்கு? கூட்டிக்கினு வந்தவங்கதான் எடுக்கணும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பிற்பாடு ரைட்டு என்னிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில் குரல் இறங்கிவிடும். "சடையனும் சிரிச்சான் டீச்சர். கைய கட்டி வச்சிருக்குது, சிரிக்கிறான்."

அதற்குப் பிறகு சடையன் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. சில நாள் கழித்து, காட்டுக்குள் ஒரு பாறைக்கு அடியில் உடம்பு கிடைத்தது. தேன் எடுக்கப் போய் வழுக்கி விழுந்தார் என்றார்கள். யாரும் அவரைப் பிடிக்கவே இல்லை, எந்த பஸ்ஸிலும் ஏற்றவே இல்லை என்று வனத்துறையில் எழுதினார்கள். அன்று பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். நாளைக்கும் அவர்கள் அதே காட்டில்தான் விறகு பொறுக்க வேண்டும்.

ரைட்டுவுக்கு மட்டும் மறதி வரவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால் போய் நின்று, "என் பஸ்ல ஏறுனாரு. எந்த சீட்டுன்னு வேணா காட்றேன். எறக்கி இட்டுக்கினு போனது இந்த ரெண்டு பேரு" என்று கை நீட்டிக் காட்டினார். அவர் குரல்தான் தெரியுமே. அந்த அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றவர்கள் எல்லோரும் வாக்குமூலத்தை முழுசாகக் கேட்டார்கள்.

அந்த வாரமே வேலை போயிற்று. "உன்ன வச்சிருந்தா பர்மிட்டு போய்டும்டா" என்று முதலாளி அழுதுகொண்டே நிறுத்தினாராம். "அவரு அழுதத பாத்து எனக்கே பாவமா பூட்ச்சி. நானே ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார் ரைட்டு.

போளூரில் அப்போது ஒரு சின்ன மக்கள் உரிமைக் குழு இருந்தது. சைக்கிள் கடை மாடியில் கூடுவோம். உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுவோம், அவ்வளவுதான் சங்கம். தலைவர் ஒரு வக்கீல். நல்லவர், சட்டம் நிறையப் படித்தவர், ஆஸ்துமாக்காரர். சடையன் விஷயமாக ரைட்டுவை அழைத்து, "நாங்க சிவில் ரைட்ஸ் அமைப்பு" என்று அறிமுகம் செய்துகொண்டார்.

ரைட்டு எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "என் பேர்லயே சங்கம் வச்சிருக்கீங்களா? கேக்கவே இல்லியே!"

அன்றிலிருந்து எங்கள் குழுவில் அவர் இருந்தார் என்று சொல்வதைவிட, அவருடைய குழுவில் நாங்கள் இருந்தோம் என்பதுதான் சரி.

அந்தச் சமயத்தில்தான் காட்டுச் சட்டத்தை மாற்றி எழுத டெல்லியில் ஒரு வரைவு தயாராகிறது என்று தெரிந்தது. சந்தேகம் வந்தாலே வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். வீட்டில் மரத்துண்டு இருந்தால், திருடவில்லை என்று வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். நாட்டின் பல மூலைகளிலும் எங்களைப் போன்ற குழுக்கள் இதை எதிர்த்தன. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம். அவரவர் பகுதி எம்.பி.யை ஊரிலேயே பிடிப்பது, பிறகு டெல்லிக்குப் போய் மற்ற எம்.பி.க்களை வீடு வீடாகப் பார்ப்பது, 'இந்த மசோதா வந்தால் எதிர்ப்பேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பது.

வக்கீல் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பணிவாகப் பேச வேண்டும். சுருக்கமாகப் பேச வேண்டும். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். "இப்போ நான்தான் எம்.பி. நீங்க வந்து என்கிட்ட பேசுங்க" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ரைட்டு உள்ளே வந்தார். கும்பிட்டார். பிறகு சடையனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் எதிரே இருப்பவர் வக்கீல் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "ஓட்டு கேக்க வந்தப்ப மலை ஏறத் தெரிஞ்சுதில்ல? இப்போ மட்டும் மூச்சு வாங்குதா?" என்று அவர் கத்தியபோது வக்கீலுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை கொடுத்து, முதுகைத் தடவி, படுக்க வைத்தோம். அன்று வந்த இழுப்பு நிற்கவே இல்லை. டெல்லிக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் இடத்தில் ரைட்டு போவதென்று முடிவானது. நோயை உண்டாக்கியவருக்கே நோயாளியின் டிக்கெட் கிடைத்தது.

அதற்கு முன்னால் உள்ளூர் எம்.பி. அவர் யார், எந்தக் கட்சி என்பதெல்லாம் வேண்டாம். கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். நானும் ரைட்டுவும் அழைப்பில்லாமல் போனோம். எம்.பி. எங்களை அன்பாகத்தான் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றார்.

"பாக்கறதுக்கு இன்னா சார் இருக்குது?"

"இல்லப்பா, கட்சி என்ன சொல்லுதோ... ரெண்டு பக்கமும் யோசிக்கணும்ல?"

"சார், படில நிக்காதீங்க."

எம்.பி. குனிந்து காலைப் பார்த்தார். தரையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள ஏறுங்க, இல்ல எறங்குங்க. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய இருந்தா வுழுறது நீங்க இல்ல சார். மலைல இருக்கறவன் வுழுறான்."

மண்டபத்தில் நாதஸ்வரம் நின்றுபோனது. மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். எம்.பி. "இதோ கை கழுவிட்டு வர்றேன்" என்று போனார். அப்படிப் போனபோது தாண்டியதுதான் முதல் பாராவில் நான் சொன்ன அண்டா. ரைட்டு அவர் காரின் பக்கத்தில் வெயில் சாயும் வரை நின்றார். எம்.பி. யாருடைய மோட்டார் பைக்கின் பின்னாலோ ஏறி எப்போதோ போளூர் தாண்டியிருந்தார்.

டெல்லிக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். எனக்கு இந்தி தெரியும். அப்பா ராணுவத்தில் இருந்ததால் வடக்கே வளர்ந்தவள். மூன்றாவது ஆள், சடையனின் மனைவி வெள்ளச்சி. முப்பது வயதுகூட இருக்காது. ரயிலில் ஏறியதிலிருந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் காடுகள் வரும்போது மட்டும், "இங்கயும் பாரஸ்ட்டு இருப்பாங்களா?" என்று கேட்பாள்.

டெல்லிக் குளிர் ரைட்டுவின் குரலைக்கூடக் கொஞ்சம் அடக்கியது. முதல் எம்.பி. வீட்டு முன்னறையில் ஒரே கும்பல். ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ரைட்டுவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "முன்னாடி போ, முன்னாடி போ, உள்ள காலியாத்தான் இருக்குது, நீ இங்க நில்லு, அம்மாவுக்கு வழிவுடு" என்று தமிழிலேயே கைகாட்டி வரிசை கட்டிவிட்டார். தலைப்பாகைக்காரர்கள் எல்லாம் மறுபேச்சில்லாமல் அடங்கினார்கள். உள்ளே இருந்து வந்த உதவியாளர் இவரை ஏதோ பாதுகாப்பு அதிகாரி என்று நினைத்துக்கொண்டு முதலில் எங்களைத்தான் உள்ளே விட்டார்.

அதே நாளில் இன்னொரு வீட்டில், சோபாவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் ரைட்டு நெஞ்சைத் திறந்து கொட்டினார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் கண்கலங்கினார். மசோதாவை எதிர்ப்பதாக ரைட்டுவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் எம்.பி.க்குப் பல் பார்க்க வந்த டாக்டர். "பரவால்ல டீச்சர். வாயத் தொறந்தாத்தானே பல்லு பாப்பாரு. அப்போ சொல்லுவாரு" என்றார் ரைட்டு.

என் மொழிபெயர்ப்பில் அவருக்குத் திருப்தியே இல்லை. "நா எவ்ளோ நேரம் பேசினேன்? நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்க. மிச்சம் எங்க?" என்பார். மிச்சமெல்லாம் வசவு. அதை நான் தமிழிலேயே விட்டுவிடுவேன்.

ஒரு எம்.பி. ரயில் பாதை கேட்டு வந்திருக்கிறோம் என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மரியாதையாக டீ கொடுத்து, "காட்டைக் காப்பாற்ற வேண்டாமா? மரமெல்லாம் போகிறதே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரைட்டுவிடம் தமிழில் சொன்னேன்.

ரைட்டு கத்தவில்லை. "மரம் போகுதுங்க. லாரில போகுது. நானே எதிர்ல வழிவுட்ருக்கேன். ஆனா எந்த லாரியையும் கையக் கட்டி என் பஸ்ல ஏத்தலிங்களே" என்றார். இதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். சிரிக்காமல் சொன்னதால் நம்பலாம் போலிருந்தது.

கடைசியாக ஒரு முதியவரைப் பார்த்தோம். வடக்கே எங்கோ காட்டுப் பகுதியிலிருந்து வந்த எம்.பி. வீட்டில் ஆடம்பரம் எதுவும் இல்லை. வெயிலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ரைட்டு தொடங்கப் போனபோது கையமர்த்திவிட்டு, வெள்ளச்சியைப் பார்த்து, "நீ சொல்லம்மா" என்றார்.

அவள் ஊர்விட்டு வந்ததிலிருந்து அதிகம் பேசாதவள். தரையைப் பார்த்தபடி சொன்னாள். "பாறைல வுழுந்தாருன்னாங்க. நாந்தான் குளிப்பாட்டுனேன். காலு அடியெல்லாம் வீங்கிக் கெடந்துச்சி. பாறைல வுழுறவனுக்கு உள்ளங்காலு எப்படிங்க வீங்கும்?"

நான் அதை இந்தியில் சொல்ல முயன்றேன். உள்ளங்கால் என்று சொல்லி முடிப்பதற்குள் முதியவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஊரிலும் இதையெல்லாம் பார்த்திருப்பார் போல. ரைட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு செடியைப் பார்த்தார்.

முதியவர் வெள்ளச்சியைத் தன் கட்டிலில் உட்காரச் சொன்னார். மசோதா வந்தால் சபையில் எழுந்து எதிர்ப்பேன், மற்றவர்களிடமும் பேசுவேன் என்றார். பிறகு, பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பாதவர் போல, இதையும் சொன்னார். "உன் வீட்டுக்காரர் விஷயம் உங்கள் மாநிலத்தில் நடந்தது. அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. இனி வரப்போவதைத் தடுக்கத்தான் என்னால் முடியும்."

அதை வெள்ளச்சிக்குத் தமிழில் சொல்லும் வேலை என்னுடையது. சொன்னேன்.

"அப்போ நா எதுக்கு வந்தேன்?" என்றாள்.

அவள் கேட்டது முதியவரை இல்லை. என்னையும் இல்லை. ரைட்டுவைத்தான் பார்த்துக் கேட்டாள். அந்த ஒல்லி உடம்பு இன்னும் ஒல்லியாகிவிட்டது போலிருந்தது. வெளியே வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். "நா இட்டாந்திருக்கக் கூடாது டீச்சர். ஊரு ஊரா அந்தப் பொண்ண அழ வுடுறேன்" என்றார்.

வெள்ளச்சி சற்றுத் தள்ளிப் புல்தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எங்களிடம் வந்தாள்.

"இன்னும் எத்தினி வூடு பாக்கணும்?"

"வேணாம்மா, போதும்" என்றார் ரைட்டு.

"இன்னா போதும்? என் தம்பிங்க ரெண்டு பேரு அங்க காட்டுலதான கெடக்கறாங்க? எழுந்திரு கண்டக்டரு."

மிச்ச வீடுகளுக்கும் போனோம். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் முதலில் பேசியவள் வெள்ளச்சிதான்.

அந்த வரைவு சட்டமாகவில்லை. நாடு முழுக்கக் கிளம்பிய எதிர்ப்பில் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அதில் எங்கள் பங்கு எவ்வளவு, பல் டாக்டரின் பங்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சைக்கிள் கடை மாடியில் வக்கீல் எல்லோருக்கும் பூரி வாங்கிக் கொடுத்தார். ரைட்டு அன்று போட்ட சத்தத்தில் கீழே ஒரு டியூப் வெடித்தது என்று கடைக்காரர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஆளைப் பிடித்து உள்ளே போட புதுச் சட்டம்தான் வேண்டும் என்பதில்லையே. பழையதே தாராளமாகப் போதும். சடையன் விஷயத்தில் யார் மேலும் எதுவும் வரவில்லை. அடுத்த மழைக்குள் ரைட்டுவின் குடிசையில் சோதனை போட்டார்கள். கூரையில் செருகிய ஒரு சந்தனத் துண்டு கிடைத்தது. ஒரு சாண் இருந்தால் அதிகம்.

கோர்ட்டில் அவருடைய நிஜப் பெயரைக் கூப்பிட்டபோது எங்களில் யாருமே அசையவில்லை. அது யார் என்று எங்களுக்குத் தெரியாது. ரைட்டு கூண்டில் ஏறிய பிறகுதான் புரிந்தது. சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இருக்குதுங்க. வச்சவங்க கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம். டெல்லி வரைக்கும் போய்ட்டு வந்த ஆளு நானு. இத்துனூண்டு துண்டுக்கு உள்ள போனா ஊர்ல இன்னா மரியாதை இருக்கும்?"

சிரித்தவர்களை டவாலி அதட்டினார். ரைட்டு உள்ளே போனார். எங்கள் வக்கீல் மூச்சிரைக்க மேல்முறையீடு செய்தார். அது மேலேயே நின்றுவிட்டது.

வெளியே வந்தபோது ரைட்டுவிடம் இருமல் இருந்தது, குரல் இல்லை. எந்த பஸ் முதலாளியும் வேலை கொடுக்கவில்லை. புளி மண்டி ஒன்றில் மூட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்தார். சில வருடத்தில் அதுவும் முடியாமல் அரசு ஆஸ்பத்திரியில் காச நோய் வார்டில் சேர்த்தோம். அங்கேயும் சும்மா இல்லை. வார்டுக்குக் குடிதண்ணீர் சரியாக வரவில்லை என்று நோயாளிகளை எல்லாம் கிளப்பிக்கொண்டு பெரிய டாக்டர் அறை வாசலில் போய் நின்றார். குரல்தான் இல்லை. கையை ஆட்டி ஆட்டி மற்றவர்களைப் பேச வைத்தாராம். தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரை அவர் ஒரு வாரம்தான் குடித்தார்.

தகவல் கிடைத்து நான் போனபோது மதியம். வெள்ளச்சி தன் தம்பிகளோடும் மலைக்காரர்கள் சிலரோடும் வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பை வாங்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரி எழுத்தர் அறைக்குள் கூப்பிட்டார். ரைட்டுவுக்குக் குடும்பம் என்று யாரும் கிடையாது.

"சொந்தக்காரங்க யாரு?"

"நான்" என்றேன்.

"நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

"தங்கச்சி."

எழுத்தர் என்னை, என் செருப்பை, என் மூக்குக் கண்ணாடியை, பிறகு அந்த அறையில் கிடந்த ஒல்லி உடம்பை மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வெள்ளச்சி, "நானுந்தாங்க. நானும் தங்கச்சி" என்றாள். அவள் தம்பிகள் முன்னால் வந்தார்கள். "நாங்க தம்பிங்க." வராந்தாவில் நின்ற கிழவர் ஒருவர், "எனக்கு மருமவன் மொறை ஆவணும்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒருத்தர் பேரு போதும்யா!" என்று எழுத்தர் கத்தினார்.

யாரும் விலகவில்லை. கடைசியில் பேனா முதலில் என் கைக்கு வந்தது. உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.